135 மணி நேரம்

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அக்கா மகள் கூப்பிட்டாள். எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. இருபது வயதாகிவிட்டது, இன்னும் பாப்பாதான்.

"மாமா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

இந்த மாதிரி ஆரம்பிக்கிற போன்கால்கள் எனக்கு வயிற்றைக் கலக்கும். யாரும் இல்லை என்றேன்.

"ஒண்ணுமில்ல, ஒரு இன்டெர்ன்ஷிப் ஃபார்ம் ஃபில் பண்றேன். அதுல ஒரு கேள்வி. குடும்பத்துல யாரையாவது எப்பவாவது அரெஸ்ட் பண்ணிருக்காங்களான்னு. அம்மாகிட்ட கேட்டேன். நம்ம குடும்பத்துல அப்படி யாரும் கிடையாதுன்னு சொல்லிட்டுப் பாத்திரம் கழுவப் போயிட்டா. எங்க வீட்ல டிஷ்வாஷர் இருக்கு மாமா."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"தாத்தா எத்தனை நாள் உள்ள இருந்தாங்க?"

நான் ஒரு சாஃப்ட்வேர்க்காரன். நள்ளிரவில் சர்வர் விழுந்தால் பதற்றப்படாமல் லாக் பார்க்கிற ஆள். அன்று மட்டும் "மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு எந்த மீட்டிங் என்று அவள் கேட்கவில்லை.

*

அக்கா குடும்பம் சின்சினாட்டிக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறது. நான் கொலம்பஸில். இரண்டுக்கும் நடுவே ஐ-71 நெடுஞ்சாலை, ஒன்றே முக்கால் மணி நேரம். பாப்பா படிப்பது கிரிமினல் ஜஸ்டிஸ். குற்றவியல் என்று சொன்னால் பாதிதான் சரி. போலீஸ், நீதிமன்றம், சிறை மூன்றும் எப்படி ஓடுகின்றன என்று படிக்கிற படிப்பு. அவள் இதைத் தேர்ந்தெடுத்தபோது குடும்ப வாட்ஸப் குழுவில் இரண்டு நாள் மயான அமைதி. மூன்றாம் நாள் யாரோ ஒரு சித்தி, "போலீஸ் வேலைக்கா?" என்று கேட்டு ஒரு துப்பாக்கி எமோஜி போட்டிருந்தாள்.

இந்தப் படிப்பில் இன்டெர்ன்ஷிப்புக்கு கிரெடிட் உண்டு. அது எப்படி என்று பாப்பா எனக்கு விளக்கினாள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு கிரெடிட் என்பது வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே இரண்டு மணி நேரப் படிப்பு, இப்படி சுமார் பதினைந்து வாரம். ஆக 45 மணி நேரம். மூன்று கிரெடிட் வேண்டுமென்றால் 135 மணி நேரம் ஓர் அலுவலகத்தில் போய் உட்கார வேண்டும். பொதுவாக அமெரிக்கக் கல்லூரிகள் ஒரு கிரெடிட்டுக்கு நாற்பதிலிருந்து ஐம்பது மணி நேரம்வரை கேட்கின்றன. அவளுடையதில் கணக்கு கறாராக 45.

போனால் மட்டும் போதாது. என்ன கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று முதலிலேயே எழுதி, மாணவி, பேராசிரியர், அலுவலக மேற்பார்வையாளர் மூவரும் கையெழுத்திட வேண்டும். வாரா வாரம் டைரி. மணிக்கணக்குத் தாளில் கையொப்பம். கடைசியில் ஒரு நீண்ட கட்டுரை. அலுவலகத்தின் தரப்பில் கைரேகை, பின்னணி விசாரணை, ரகசியக் காப்பு உறுதிமொழி. சம்பளம் கிடையாது. போதாததற்கு அந்த மூன்று கிரெடிட்டுக்கும் மற்ற பாடங்களைப் போலவே ஃபீஸ் கட்ட வேண்டும். அதாவது காசு கொடுத்து வேலை பார்க்க வேண்டும்.

"இது அநியாயமா இல்ல?" என்று கேட்டேன்.

"அநியாயம்தான். என் ஃப்ரெண்டு ஒருத்தி நைட்ல வேர்ஹவுஸ்ல பாக்ஸ் தூக்குறா. அவளால இத எடுக்க முடியாது. அவ தம்பிய ஒரு தடவ போலீஸ் புடிச்சிருக்கு. கோர்ட் எப்படி இருக்கும்னு என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். ஆனா கிரெடிட் எனக்கு."

நான் பதில் சொல்லவில்லை. அத்தானுக்குச் சம்பளம் நன்றாக வருகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இந்த ஏற்பாட்டின் வேர் பொறியியலில் இருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியம். 1906இல் ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களை வகுப்பிலும் தொழிற்சாலையிலும் மாறி மாறி வைத்துப் படிப்பிக்கும் முறையைத் தொடங்கினார். அக்கா வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடம். பத்து வருடம் கழித்து, 1916இல், கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரப் போலீஸ் தலைவர் ஆகஸ்ட் வோல்மர் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் போலீஸ்காரர்களுக்குக் கோடைகால வகுப்புகளைத் தொடங்கினார். 1968இல் வந்த ஒரு மத்தியச் சட்டம் போலீஸ்காரர்களின் படிப்புக்குப் பணத்தை அள்ளிக் கொடுக்க, அமெரிக்கா முழுக்கக் கல்லூரிகளில் இந்தத் துறை முளைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறைகூட 1965இல் தொடங்கியதுதான். நான்கு வருடம் தமிழ்நாட்டில் படித்த எனக்கு அப்படி ஒரு துறை இருப்பதே தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஈசிஈ, ட்ரிபிள்ஈ, ஐடி.

*

என் இன்டெர்ன்ஷிப் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்போது அதற்குப் பெயர் இன்ப்ளான்ட் ட்ரெய்னிங். 2008, மூன்றாம் வருடம். இரண்டு வாரம் ஏதாவது கம்பெனியில் போய்ப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். ஹாஸ்டல் சீனியர் ஒருவரின் மாமா ஊரில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருந்தார். தலைக்கு முந்நூறு ரூபாய். பெயர், ரோல் நம்பர், தேதி போட்டு, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, பதினோரு சான்றிதழ்கள் ஒரே பஸ்ஸில் வந்து சேர்ந்தன. என்னுடையதில் "நன்கு ஒத்துழைத்தார்" என்று எழுதியிருந்தது. அந்தப் பட்டறையை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், "அங்க என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்டார். "டீம் வொர்க் சார்" என்றேன். இதை எத்தனையோ விருந்துகளில் ஜோக்காகச் சொல்லியிருக்கிறேன். பாப்பாவிடம் சொன்னபோது அவள், "அந்த ரெண்டு வாரம் நீங்க என்ன பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு நினைவில்லை. ஊரில் படுத்துத் தூங்கியிருப்பேன்.

நாங்கள் வாங்கிய சான்றிதழால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னாட்களில்தான் உறைத்தது. ஒரு பொய்யான தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சமே இருக்கவில்லை. அதற்கு முன்பே வீட்டில் எனக்கு நல்ல பயிற்சி கிடைத்திருந்தது.

*

டிசம்பர் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். சாப்பிட்ட பிறகு, "மாமா, வாக் போலாமா" என்றாள் பாப்பா. வெளியே உறைபனி. அந்தக் குளிரில் யாரும் நடக்கப் போக மாட்டார்கள். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சால்வையை எடுத்துக் கொடுத்தாள். தடுக்கவில்லை.

சொன்னேன். 2002, ஆனி மாதம். எனக்குப் பதினான்கு வயது. அப்பாவுக்கும் எங்கள் பங்காளி ஒருவருக்கும் வரப்புத் தகராறு. ஒன்றரை முழ வரப்பு. வாய்ப்பேச்சு கைகலப்பாகி, அப்பா தள்ளியதில் அவர் மோட்டார் ரூம் படியில் விழுந்து மண்டை உடைந்தது. தள்ளியது உண்மை. கம்பியால் அடித்தார் என்று எழுதிக்கொடுத்தது பொய். ஜாமீனில் விட முடியாத பிரிவு ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து கூட்டிப்போனார்கள். அந்தக் கிழமைக்கு என்ன அர்த்தம் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எங்களைத் தவிர. இரவோடு இரவாக மாஜிஸ்ட்ரேட் வீட்டு வாசலில் நிறுத்தி, ரிமாண்ட் செய்து, கிளைச் சிறையில் அடைத்தார்கள். இனி திங்கட்கிழமைதான் எதையும் கேட்க முடியும்.

"லெவன் டேஸ்" என்றேன். "பதினோரு நாள்."

ஆறாம் நாளே ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். அவர்கள் பெயரில் வீடோ நிலமோ இருக்க வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும், விஏஓ சான்று வேண்டும். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிற வீடுகள் எல்லாம். "அவுங்க ஊர்ல இல்லையே," "ரசீது பெட்டிச் சாவி மவன்ட்ட இருக்கு." ஐந்து நாள் அலைந்த பிறகு அப்பாவின் உரக்கடையில் கடன் சொல்லி மூட்டை வாங்கிக்கொண்டிருந்த இருவர் கையெழுத்துப் போட்டார்கள்.

அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதனால் மாப்பிள்ளை வீட்டுக்கு, அப்பாவுக்கு மஞ்சள் காமாலை, பாளையங்கோட்டையில் அட்மிட் பண்ணியிருக்கிறோம் என்று சொல்லி அனுப்பினோம். அவர்கள் நல்ல மனிதர்கள். அப்பா திரும்பி வந்த மறுநாள் ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்துவிட்டார்கள். கூடவே ஒரு பெரியம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி எடுத்துவந்திருந்தாள். அப்பா அவர்கள் முன்னால் உட்கார்ந்து அந்த டம்ளரை ஒரே மூச்சில் குடித்தார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் இன்றுவரை அந்தப் பதினோரு நாளுக்குப் பெயர் மஞ்சக்காமாலை. வழக்கு ஐந்து வருடம் இழுத்து 2007இல் விடுதலையாகிவிட்டது. அந்தச் செய்திக்குக்கூட யாரும் இனிப்பு வாங்கவில்லை. வாங்கினால் எதற்கென்று கேட்பார்களே.

பாப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நான் சின்னப் பிள்ளைல ஊருக்கு வந்தப்ப, போலீஸ் ஸ்டேஷன் வந்தா தாத்தா என் கையப் புடிச்சு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போவாங்க. நாய் இருக்கும்னு சொல்வாங்க. ஒரு நாள் ஆச்சி யார்கிட்டயோ பேசும்போது, அவுக உள்ள இருந்தப்பன்னு சொன்னாங்க. ஹாஸ்பிட்டல்னு நெனச்சேன். அப்புறம் ஹாஸ்பிட்டல் இல்லன்னு தோணுச்சு" என்றாள்.

"சரி, இப்போ ஃபார்ம்ல என்ன எழுதப் போற?"

"அது அப்பவே அனுப்பிட்டேன் மாமா. நோ தான்."

நான் நின்றுவிட்டேன். அவள் விளக்கினாள். கேள்விக்குக் கீழேயே பொடி எழுத்தில் குடும்பம் என்றால் யார் யார் என்று போட்டிருந்ததாம். பெற்றோர், உடன்பிறந்தவர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள். தாத்தா கணக்கில் வரமாட்டார். தினமும் ஆவணங்களின் வரையறைகளைப் படித்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

"ஃபார்முக்குத் தேவையில்ல. எனக்குத் தேவைப்பட்டுச்சு."

*

அவள் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்டது, தண்டனை பெற்றவர்களை வெளியில் வைத்துக் கண்காணிக்கும் ப்ரொபேஷன் அலுவலகம். அங்கே இடம் கிடைத்தது, அவள் போகவில்லை. இன்னொரு கவுண்டியின் பொது வழக்கறிஞர் அலுவலகத்தை எடுத்துக்கொண்டாள். வக்கீல் வைக்கப் பணமில்லாதவர்களுக்கு அரசே வக்கீல் கொடுக்கும் இடம்.

இந்த உரிமைக்குப் பின்னால் ஒரு பென்சில் இருக்கிறது. ஃப்ளோரிடாவில் கிளாரன்ஸ் கிடியன் என்பவரைத் திருட்டு வழக்கில் வக்கீல் இல்லாமலே விசாரித்து ஐந்து வருடம் உள்ளே போட்டார்கள். அவர் சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். 1963இல் தீர்ப்பு வந்தது: பெருங்குற்ற வழக்குகளில் பணமில்லாதவருக்கு மாநிலம் வக்கீல் கொடுத்தே ஆகவேண்டும். வக்கீலோடு நடந்த மறுவிசாரணையில் கிடியன் விடுதலையானார். 1972இல் இன்னொரு தீர்ப்பு, சிறைத்தண்டனையில் முடிகிற சின்ன வழக்குகளுக்கும் இதை விரித்தது.

மார்ச்சில் ஒரு நாள் லீவு போட்டு, அவள் போகும் நீதிமன்றத்தில் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பாப்பா தன் அலுவலகத்தில் பார்க்கிற எதையும் எங்களிடம் சொன்னதில்லை. போலீஸின் உடல் கேமரா வீடியோக்களைப் பார்த்து நிமிடம் வாரியாகக் குறிப்பெழுதுவாள், கைதானவர்களின் குடும்பங்களுக்குப் போன் செய்வாள் என்பது வரைதான் தெரியும். யார், என்ன என்று ஒரு வார்த்தை வராது. ஆகவே இங்கே நான் எழுதுவது திறந்த நீதிமன்றத்தில் நானே பார்த்தது மட்டும்.

காலை ஒன்பது மணி. சிறை உடையில் ஒவ்வொருவராக வந்தார்கள். வக்கீல் குனிந்து ஏதோ கேட்பார், பாப்பா பின்னாலிருந்து ஃபைலை நீட்டுவாள், நீதிபதி பேசுவார், அடுத்தவர். நான் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். பெரும்பாலும் ஒரு ஆளுக்கு மூன்று, நான்கு நிமிடம். ஜூரி, சாட்சிக்கூண்டு, குறுக்கு விசாரணை என்று சினிமாவில் பார்த்த எதுவும் இல்லை. 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் இந்தக் கணக்கைச் சொல்லியிருக்கிறது: மத்திய நீதிமன்றங்களில் தண்டனைகளில் 97 சதவீதமும், மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொள்வதால் வருபவை. விசாரணை என்பது விதிவிலக்கு.

என் வயதிருக்கும் ஒருவர் வந்தார். கடையில் திருடிய வழக்கு. ஆறு நாளாக உள்ளே இருக்கிறார். பிணைத்தொகை 1,500 டாலர், பத்து சதவீதம் கட்டினால் போதும். அந்த 150 டாலர் இல்லாததால் ஆறு நாள். அன்று அவருக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. வழக்கை நடத்துவது என்றால் திரும்ப உள்ளே போக வேண்டும். எதிர்க்கவில்லை என்று சொன்னால், இருந்த நாட்களே தண்டனையாகக் கணக்காகி, இன்றே வெளியே போகலாம். அவர் திரும்பி வக்கீலைப் பார்த்தார். அப்புறம், வக்கீலுக்குப் பின்னால் ஃபைலோடு நின்ற பாப்பாவைப் பார்த்தார். ஏன் அவளைப் பார்த்தார் என்று தெரியவில்லை. அந்த அறையில் அவரோடு ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசிய ஒரே ஆள் அவளாக இருந்திருக்கலாம். எதிர்க்கவில்லை என்றார். முடிந்தது. இனி வேலைக்குப் போகும் இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கும் ஃபார்ம் வந்தால், அவர் 'ஆம்' என்று எழுத வேண்டியிருக்கும்.

எனக்கு அம்மாவோடு வீட்டு வரி ரசீது கேட்டு அலைந்த ஐந்து நாள் ஞாபகம் வந்தது. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காத நாட்கள். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேருக்கும் சற்று அதிகமானவர்கள் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதிகள் என்று 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு சொல்கிறது. இங்கே ஒப்புக்கொண்டு வெளியே போகிறார்கள், அங்கே ஒப்புக்கொள்ளாமல் உள்ளே இருக்கிறார்கள். எது தேவலை என்று அன்று கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். விடை கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் அப்போதுதான் தேடிப் படித்தேன். நம் ஊரில் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருக்கிற எவருக்கும் இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு. அப்பா உள்ளே போன 2002இலும் உண்டு. எங்களிடம் அதை யாரும் சொல்லவில்லை. வக்கீலுக்காக அம்மா தன் வளையலை அடகு வைத்தாள்.

*

ஏப்ரலில் பாப்பாவின் மணிக்கணக்குத் தாள் 130ஐத் தாண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, ஊரில் மாலை, அவள் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டாள். நானும் அக்காவும் பக்கத்தில் இருந்தோம். அத்தானும் இருந்தார். அக்கா ஒருவழியாக முந்தின வாரம்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் டிவியை மியூட் செய்துவிட்டு, "கல்யாணத்துக்கு முன்னாடியே தரகர் சொல்லிட்டாரே" என்றாராம். அப்புறம் எதற்கு அந்தப் பெரியம்மா கீழாநெல்லி கொண்டுவந்தாள் என்று கேட்டதற்கு, "நீங்க காமாலைன்னு சொன்னீங்க, நாங்க என்ன செய்ய" என்றாராம்.

பாப்பா சுற்றி வளைக்கவில்லை. தன் படிப்பைப் பற்றிச் சொன்னாள். அலுவலகத்தில் என்ன செய்கிறாள் என்று பொதுவாகச் சொன்னாள். பிறகு, "தாத்தா, நீங்க உள்ள இருந்தப்ப யாராவது வந்து உங்ககூடப் பேசினாங்களா?" என்றாள்.

அப்பா கேமராவைப் பார்க்காமல் எங்கோ பார்த்தார். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"வக்கீல் குமாஸ்தா ஒருக்க வந்தான். கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டான்" என்றார். "அடிக்கல்லாம் இல்ல பாப்பா. சோறும் போட்டாங்க. என்னைக்கு விடுவாங்கன்னு தெரியல, அவ்வளவுதான். யார்ட்டயும் கேக்கவும் முடியல. செவுத்துல ஒருத்தன் கோடு போட்டு வச்சிருந்தான். அத எண்ணிக்கிட்டு இருப்பேன். அவன் போட்ட கோடுதான், என்னோடது இல்ல."

இருபத்து மூன்று வருடத்தில் அப்பா இதைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பாப்பா நடுவில் பேசவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. அடுத்து என்ன, அதற்குப் பிறகு என்ன என்று மட்டும் கேட்டாள். எங்கே கற்றாள் என்பது தெரிந்தது. நாற்பது நிமிடம் பேசினார்கள். இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று பிறகு அப்பாவிடம் கேட்டபோது, "எழுது, ஊர் பேர் போடாத" என்றார். போடவில்லை.

பாப்பாவின் பாடத்துக்கு ஏ கிரேட் வந்தது. வக்கீலுக்குப் படிப்பாளா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த 150 டாலர் மனிதரைப் பற்றித் தன் இறுதிக் கட்டுரையில் எழுதினாளா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினாள்.

அன்றைய காலின் கடைசியில் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், நீதிமன்றத்தில் பார்த்ததை அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு அந்த மனிதர் மேல் ஒரே கவலை. பாப்பாவைக் கேட்டார்.

"அந்தப் பையன் வெளிய வந்து எப்படி இருக்கான்? வேலை கெடச்சுதா?"

"சொல்லக் கூடாது தாத்தா. ரூல்ஸ்."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சொல்லாத" என்றார். "நல்ல ரூல்ஸ்தான்."